வினைச்சொல்லைத் தேடும் கண்

சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள கணேசா,

நீ அனுப்பிய மூன்று கணக்குப் பாட வீடியோவையும் பார்த்தேன். பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. விஜயாவின் முழங்கால்தான். பிசியோதெரபிக்கு தினமும் கூட்டிப்போய் வருகிறேன். போன வாரத்திலிருந்து மாடிப்படி ஏறுகிறாள், ஏறிக்கொண்டே என்னைத் திட்டவும் செய்கிறாள். ஆக, தேறிவிட்டாள்.

வகைக்கெழு பாடத்தில் நீ சொன்ன சைக்கிள் உதாரணம் பிரமாதம். நம் காலத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் கணக்கைக் கண்டு இப்படி ஓடியிருக்கமாட்டேன். ஆனால் பிராம்ப்டரில், அதாவது கேமராவுக்கு முன்னால் சாய்த்த கண்ணாடித் தகட்டில் ஓடுகிற எழுத்தைப் பார்த்துப் பேசும்போது, நீ படிப்பது அப்பட்டமாகத் தெரிகிறது என்கிற உன் குறை நியாயமானதுதான். போர்டு முன்னால் நிற்கிற கணேசன் வேறு, பிராம்ப்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற கணேசன் வேறு. இரண்டாமவன் திருதிருவென்று முழிக்கிறான். கண் இடமிருந்து வலம் போய்த் திரும்புவதை என் பேரன் எண்ணியே காட்டிவிட்டான்.

உனக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்கிறேன். உன் திரையில் ஒரு வரி 20 செ.மீ. அகலம். நீ உட்கார்ந்திருப்பது 60 செ.மீ. தள்ளி. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக உன் கண் ஏறக்குறைய 19 டிகிரி திரும்ப வேண்டும். அதே திரையை 2 மீட்டர் தள்ளி வைத்து, வரியை 15 செ.மீ. ஆக்கினால் 4 டிகிரி சொச்சம்தான். டேன் போட்டுப் பார்த்துக்கொள், தப்பிருந்தால் எழுது. தள்ளிப் போனால் நீ படத்தில் சின்னதாகத் தெரிவாய், அதற்குப் போனில் ஜூம் வைத்துக்கொள். எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு இரண்டு மூன்று வார்த்தை மட்டும் விடு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நீ தாடையைத் தூக்கிக்கொண்டு பேசுகிறாய், கவனித்தாயா? பிள்ளைகளை ஏதோ மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. அது கர்வமில்லை என்பது எனக்குத் தெரியும், உன் புரோகிரெசிவ் கண்ணாடி செய்கிற வேலை. கிட்டத்தில் இருக்கிற எழுத்தை அதன் கீழ்ப்பாதி வழியாகத்தான் படிக்க முடியும், அதனால் தலை தானாக நிமிர்கிறது. திரை தூரம் போனால் தாடையும் இறங்கிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கண்ணாடித் தகடு விஷயம். எழுத்து இரண்டிரண்டாக நிழலாடுகிறது என்கிறாயே, கடையில் வெட்டி வாங்கிய சாதாரணக் கண்ணாடி போட்டிருப்பாய். அதன் முன்பக்கம் ஒரு பிம்பம், பின்பக்கம் ஒரு பிம்பம். பிராம்ப்டருக்கென்று ஒரு பக்கம் மட்டும் பூச்சு பூசிய தகடு கிடைக்கிறது. 30 சதவீத வெளிச்சத்தை உன்னிடம் திருப்பி அனுப்பும், 70 சதவீதத்தைக் கேமராவுக்கு விடும். அதற்குப் பின்னால் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி போட்டு மூடு. லென்ஸ் உயரத்துக்குத் தகட்டின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டு. வரி அங்கே வரும்போதுதான் படிக்க வேண்டும். நீ என்ன செய்கிறாய், கீழே தலை காட்டினதுமே வரியைப் பிடிக்கப் பாய்கிறாய்.

தகடு வாங்க மனமில்லை, மடிக்கணினியிலேயே படிக்கிறேன் என்றால், வரிகளைக் கேமராவுக்குக் கீழே, அதை ஒட்டியே வை, பக்கத்தில் வைக்காதே. 2002-இல் மில்டன் சென் என்பவர் வீடியோ அழைப்புகளை வைத்து ஆராய்ந்து இதைச் சொல்லியிருக்கிறார். கேமராவுக்குச் சற்றுக் கீழே பார்த்தால், சுமார் 5 டிகிரி வரை, எதிராளி தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறான். பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் கண்டுபிடித்துவிடுகிறான்.

இந்தப் பாடு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1950 வாக்கில் வசனம் மறந்து தவித்த ஃப்ரெட் பார்ட்டன் என்ற நாடக நடிகருக்காக ஹூபர்ட் ஷ்லாஃப்லி என்ற என்ஜினீயர், சூட்கேஸுக்குள் வசனம் எழுதிய காகிதச் சுருளை மோட்டார் வைத்து ஓடவிட்டார். அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு டிவி தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர்தான் கண்ணாடியைச் சாய்த்து லென்ஸுக்கு நேராகவே எழுத்தைக் கொண்டுவந்தார்.

இவ்வளவும் செய்தும் ஒன்று மிஞ்சும், அதுதான் எனக்கு முக்கியம். இருபத்திரண்டு வருஷம் டிவி செய்திப் பிரிவில் பிராம்ப்டர் எழுத்தை ஓட்டுகிற குமிழைத் திருகினவன் சொல்கிறேன், பிராம்ப்டரில் முழிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் கோளாறே கிடையாது, வாக்கியத்தில்தான் கோளாறு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "கொடுக்கப்பட்டுள்ள சார்பின் முதல்வரிசை வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துவதன் மூலம் பெறப்படும் மதிப்புகளை" என்று நீ ஆரம்பித்தால், அந்த மதிப்புகளை என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் உன் கண் நாலு வரி கீழே ஓடித் தேடுகிறது. வாய் ஓரிடம், கண் ஓரிடம். பார்ப்பவனுக்கு அது பயம் மாதிரித் தெரியும். "வகைக்கெழு எடுத்தோம். அதைப் பூச்சியம் என்று போடுவோம். x கிடைத்துவிடும்." இப்படி எழுது. வரியையும் அகலம் பார்த்து உடைக்காதே, மூச்சு விடுகிற இடத்தில் உடை. எண்களை எழுத்தால் எழுது. 1,27,450 என்று வந்தால் எந்தக் கொம்பனும் ஒரு நொடி நிற்பான்.

அப்புறம், லென்ஸையே வெறித்துக்கொண்டிருக்காதே. படிக்கும்போது இமைப்பது குறைந்துபோகும், அதனால்தான் சிலை மாதிரி இருக்கிறாய். யோசிக்கிற இடத்தில் கண்ணை எடுத்துவிடு, மேஜையில் இருக்கிற தாளைப் பார், திரும்ப வா. வகுப்பில் நீ ஜன்னல் பக்கம் பார்க்காமலா பாடம் நடத்தினாய்?

தாள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் சேனலில் ஒரு அம்மா இரவுச் செய்தி வாசிப்பார். பிராம்ப்டர் ஓடினாலும் கையில் தாளை வைத்து ஒவ்வொரு செய்திக்கும் ஒன்றாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். வெறும் ஜோடனை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் நேரலையில் எனக்கு அடக்கமுடியாத தும்மல். குமிழ் சுற்றி, திரையில் மூன்று செய்தி தள்ளி ஓடிவிட்டது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்த அம்மா குனிந்தார், தாளில் அடுத்த வரியை எடுத்தார், நிமிர்ந்து முடித்தார். நான் பழைய இடத்துக்குத் திருகிக் கொண்டுவருவதற்குள் இரண்டு முறை நிமிர்ந்துவிட்டார். வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஜலதோஷமா?"

1993-இல் பில் கிளிண்டனுக்கு இதைவிட மோசமாக நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச நின்றால், பிராம்ப்டரில் ஓடியது ஏழு மாதம் பழைய பேச்சு. சரியான பேச்சைத் தேடி ஏற்றுகிற வரை, சில நிமிஷம் மனசிலிருந்தே பேசினார். உன் பாடம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். பிராம்ப்டர் நின்றாலும் நீ நிற்கப்போவதில்லை, அந்தத் தைரியத்தில் உட்கார்.

உன் மருமகன் சொன்ன சாஃப்ட்வேரையும் பார்த்தேன். என்விடியா கம்பெனி 2023-இல் விட்டது, வீடியோவில் கண்ணையே திருத்திக் கேமராவைப் பார்க்கிற மாதிரி வரைந்துவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கண் திறந்தும் களை வராத சிலை மாதிரி இருக்கிறது. அவசரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

அடுத்த மாதம் விஜயாவால் பயணம் செய்ய முடிந்ததும் கும்பகோணம் வருகிறோம். குமிழை நான் திருகுகிறேன், நீ பேசு. இன்ச் டேப் ஒன்று எடுத்து வை. டிகிரி காபிக்கும் சொல்லி வை, இந்த ஊர் காபி என்னைக் கொல்கிறது.

அன்புடன்,
ரங்கன்