பரணில் கிடைத்த ஸ்பைடர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆவணியில் தம்பி மகள் கல்யாணம், அதற்காக வீட்டில் வெள்ளையடிப்பு. அதனால்தான் பதில் தாமதம். பரணை ஒழிக்க ஏறியவன் இறங்குவதற்கு அரை நாள் ஆகிவிட்டது. என் பழைய டிரங்குப் பெட்டி கிடைத்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் உன் கையெழுத்தோடு ஒரு லயன் காமிக்ஸ் இருந்தது. 'யாரும் இரவல் கேட்கக் கூடாது' என்று அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறாய். கேட்காமலே எடுத்து வந்திருப்பேன் போலிருக்கிறது.

ஏணியில் உட்கார்ந்தபடியே படித்து முடித்தேன். நம் காமிக்ஸ் கேடி ஸ்பைடர்தான் (பேரன் பார்க்கும் ஸ்பைடர்மேன் இல்லை). அதே கூர்க்காது, அதே பறக்கும் ஹெலிகார், அதே திமிர்.

படித்ததும் உன்னோடு சண்டை போட வேண்டும் என்று தோன்றியது. வில்லனுக்கு ஒரு சோகமான ஃபிளாஷ்பேக் வைத்துவிட்டால் அவன் மனதில் நின்றுவிடுவான் என்று எழுதியிருந்தாய் அல்லவா? உன் பேரனோடு உட்கார்ந்து பார்த்த படங்கள் பேச வைக்கின்றன. எனக்கு ஒப்பவில்லை.

ஸ்பைடருக்கு என்ன ஃபிளாஷ்பேக்? 1965இல் இங்கிலாந்தின் லயன் வார இதழில் வந்து குதித்தான். பெற்றவர் யார், ஏன் இப்படி ஆனான், ஒன்றும் கிடையாது. உலகத்துக் கேடிகளுக்கெல்லாம் தானே ராஜா ஆக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பெட்டகம் உடைக்கும் ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டு அவர்களையே படாத பாடு படுத்துவான். ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுபோய் அமெரிக்காவில் கட்டிக் குடியிருந்தானே, ஒரு திருடனுக்கு அது எதற்கு? பெருமை. அந்தப் பெருமைதான் கதையை இழுத்துக்கொண்டு ஓடியது. பிற்பாடு குற்றவாளிகளையே வேட்டையாடத் தொடங்கினான். அப்போதும் அவன் திருந்தியதாக எனக்குப் பட்டதில்லை. திருட்டில் தனக்குச் சமமாக ஆளில்லை என்று அலுத்துப்போயிருக்கும். இதில் ஒரு வேடிக்கை: பிற்பாடு அவன் கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். நல்லவனுக்கெல்லாம் நல்லவனைப் படைத்த அதே கைதான் இந்த அகங்காரம் பிடித்தவனையும் வளர்த்திருக்கிறது.

உடனே எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னீட்டோவைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். நானும் அவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் முதல் இதழில் அவனைக் கொண்டுவந்தபோது அவன் வெறும் தகர டப்பா. ஏவுகணைத் தளத்தைப் பிடிப்பான், உலகம் என்னுடையது என்று கத்துவான். அடுத்த வருஷம் தன்னைப்போலப் பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ள மியூட்டன்ட்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அதற்குத் 'தீய மியூட்டன்ட்களின் சகோதரத்துவம்' என்று பெயர் வைத்தான். நம் ஊர் ரௌடிகூடத் தன் பெயரில் நற்பணி மன்றம்தானே வைப்பான்!

அப்புறம் கிறிஸ் கிளேர்மான்ட் எழுத வந்தார். 1981இல் 150ஆவது இதழ். ஆயுதங்களைக் கீழே போடு என்று எல்லா நாடுகளையும் மிரட்டுகிறான் மேக்னீட்டோ. தன் மேல் ஏவுகணை விட்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கிறான். இதுவரை பழைய ஆள்தான். சண்டையில் எக்ஸ்-மென் அணியின் கிட்டி பிரைட் அவன் கணினியை நாசம் செய்ய, ஆத்திரத்தில் அவளை அடித்துச் சாய்க்கிறான். குனிந்து பார்த்தால் பதின்மூன்று வயதுப் பெண். செத்துவிட்டாள் என்றே நினைக்கிறான். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கழிந்த தன் சிறுவயதைப் பற்றி அங்கேதான் வாய் திறக்கிறான்: வீட்டாரைச் சாவுக்கு ஓட்டிப் போன காவலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்களாம்.

அந்த இடத்தைக் கவனி முருகேசா. 'நான் பட்டேன், அதனால் அடிக்கிறேன்' என்று நியாயம் பேசுவதற்குக் கிளேர்மான்ட் அந்த ஃபிளாஷ்பேக்கை வைக்கவில்லை. அடித்து முடித்த பிறகு வருகிறது. வந்து அவன் கையைப் பிடிக்கிறது. அந்தக் காவலர்களின் இடத்தில் தானே நிற்பதை அவன் பார்த்துவிடுகிறான். சண்டையை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஒருவேளை அந்தச் சோகத்தை முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் நாம் 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

இப்போது வருகிற வில்லன்களிடம் எனக்கு உள்ள சலிப்பே அதுதான். வந்ததும் வராததுமாக அழுகிறார்கள். அது செய்கிற காரியத்துக்கு வாங்கிவைத்த ரசீது மாதிரி இருக்கிறது. அதற்கு பேட்மேனின் எதிரி ஜோக்கர் மேல். 1940இல் பேட்மேன் முதல் இதழிலேயே சாக வேண்டியவன். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்து, கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிப் பிழைக்க வைத்தார். அதற்கு அவன் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட வேண்டியிருக்கவில்லை.

சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த எண்ணெய் கேட்கிறதா? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கல்யாணப் பந்தியில் ஏறிவிடும். பத்திரிகை தனியாக வரும். பேரனையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. உன் புத்தகத்தைக் கண்ணில் காட்டுகிறேன், கையில் தர மாட்டேன்.

அன்புடன்,
சேகர்