கார்ல்டனிலிருந்து அண்ணாவுக்கு

கார்ல்டன், மெல்போர்ன்
12 மார்ச் 1950, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

ஜனவரியில் நீ போட்ட கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. உறையை யாரோ ஒரு பக்கம் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அதனால் இந்தப் பதிலைத் தபாலில் போடவில்லை. துணி வியாபாரம் செய்யும் ஒருவர் பாரிஸுக்குப் போகிறார். அங்கிருந்து போலந்துக்கு, நம் வூட்ஜ் ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எப்போது வந்து சேருமோ. ஆனால் பயமில்லாமல் எழுதலாம்.

முதலில் நல்ல சேதி. நான் முழுகாமல் இருக்கிறேன். ஆகஸ்டில் பிரசவம் என்கிறார் டாக்டர். நாஜிகளின் பெல்சன் முகாமில் நான் கிடந்த கிடைக்கு இதெல்லாம் எனக்கு நடக்கும் என்று நினைக்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை, இப்போதே கம்பளி நூல் வாங்கி வந்துவிட்டார். குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி உன்னிடம் பேச வேண்டும். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

சரி, ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். கப்பல் மார்சேயிலிருந்து சூயஸ் வழியாக வந்தது. கொழும்பில் படகுக்காரர்கள் கப்பலை ஒட்டி வந்து கூடையில் பழம் ஏற்றி விற்றார்கள். அங்கேதான் முதல்முறை அன்னாசி சாப்பிட்டேன், நாக்கு புண்ணாகிவிட்டது. அப்புறம் ஃப்ரீமான்டில், மெல்போர்ன்.

கார்ல்டனில் எல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய மாடி வீடுகள். எங்கள் வீட்டில் ஐந்து குடும்பங்களுக்கு இரண்டு அடுப்பு. வார்சாக்காரி ஒருத்தி, பியாலிஸ்டோக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி, மற்றதெல்லாம் நம் வூட்ஜ் ஆட்கள். என் சட்டியை யார் நகர்த்தியது என்று தினமும் சண்டை. கேட்டால் வூட்ஜில் நம் பாவூட்டிப் பேட்டைக்கே திரும்பிவிட்டோமோ என்று தோன்றும். லைகன் தெருவில் கதீமா என்ற சங்கம் இருக்கிறது. அங்கே நம் யூதர்களின் இத்திஷ் மொழி நூலகம் உண்டு, நாடகமும் போடுகிறார்கள். வார்சா மேடையில் பெயர் வாங்கிய ராஹேல் ஹோல்ட்சர் இந்த ஊரில்தான் இருக்கிறார், 1939இலேயே வந்துவிட்டவர். அவர் நடிக்கும் நாளில் நம் ஆட்கள் அழுவதற்கென்றே கைக்குட்டையோடு வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே செத்துக் கிடக்கும். ஒரு கடை திறந்திருக்காது. மற்ற நாட்களில் மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கு மூடச் சட்டம். ஐந்து மணிக்கு வேலை விட்டதும் ஆண்கள் ஓட்டமாக ஓடி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்க்கிறார்கள். இப்படி ஒரு சட்டத்தை யோசித்தவனைப் பார்க்க வேண்டும். ரொட்டி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும், மெல்ல ஒன்றுமில்லை. ரை ரொட்டி வேண்டுமென்றால் நம் ஆள் ஒருவர் சுடுகிறார், அங்கே வரிசையில் நிற்க வேண்டும். நம் வசந்தப் பண்டிகை பெசாஹ் இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது. இங்கே அப்போது இலையுதிர் காலம். எனக்கு எல்லாமே தலைகீழாக இருக்கிறது.

பக்கத்து வீட்டம்மா நல்லவள். தன் மரத்து எலுமிச்சம்பழங்களை வேலிக்கு மேலே நீட்டுவாள். எங்கிருந்து வருகிறாய், போரில் கஷ்டப்பட்டாயா என்று ஒரு நாள் கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்களுக்கும் கஷ்டம்தான், வெண்ணெய்க்கு இன்னும் கூப்பன் கேட்கிறார்கள் பார்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. வெண்ணெய்தான் பெரிய கஷ்டம் என்று ஒருத்தி மனதார நம்பும் ஊரில் பிள்ளை பெறலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நம் ஆட்களிலேயே முன்பே வந்தவர்கள் சிலர், "அதையெல்லாம் பேசாதே, மறந்துவிடு" என்கிறார்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். டிராமில் நாங்கள் இத்திஷில் பேசிக்கொண்டு வந்தபோது ஒருவர், இங்கிலீஷில் பேசு என்று கத்தினார். சில வருஷம் முன்பு ஒரு கப்பலில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் யூதர்களை ஏற்றக் கூடாது என்று இந்த நாடே விதி வைத்திருந்தது. ஆனால் அந்த ஆள் கத்திவிட்டுப் பத்திரிகையைப் படிக்கப் போய்விட்டார். நாங்களும் எங்கள் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

வேலை ஃபிளிண்டர்ஸ் லேனில், பெண்கள் உடை தைக்கும் பட்டறை ஒன்றில். வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்று நீதிமன்றமே 1948இலிருந்து தீர்த்துவைத்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு. நம் சனிக்கிழமை ஓய்வு நாளான சப்பாத்துக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இப்போது இடுப்பைப் பிடித்துக் கீழே அகல விரியும் பாவாடைதான் பாஷன், பாரிஸில் டியோர் தொடங்கிவைத்தது. இடுப்போரம் இரண்டு வரிசை லூஸ் தையல் ஓட்டி, அடிநூலை இழுத்துச் சுருக்கி, ஊசி முனையால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துச் சமமாக்கிப் பட்டியில் குத்த வேண்டும். ஒரு பாவாடைக்குப் போகும் துணியில் நாம் இரண்டு பேருக்குக் கோட் தைத்திருப்போம். தரையில் விழும் வெட்டுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் பைக்குள் எடுத்து வைத்துக்கொள்வேன். மேற்பார்வைக்காரி ஒரு நாள் பார்த்துவிட்டாள். வேலை போச்சு என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவளே துண்டுகளைக் கட்டி என் மெஷின் பக்கத்தில் வைத்துவிடுகிறாள்.

"தையல் தெரிந்ததால் நீ பிழைத்தாய்" என்று எழுதியிருக்கிறாய். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் போல. அது பாதிதான் உண்மை, அண்ணா. நீ 1939இல் கிழக்கே போன பிறகு நடந்ததை முழுசாக எழுதச் சொல்லி மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். இனியும் தள்ளிப்போட முடியாது.

1940 ஏப்ரல் 30 அன்று, ஜெர்மானியர் நம் ஆட்களைத் திணித்து வைத்த கெட்டோப் பகுதியை வெளியே போக முடியாமல் அடைத்தார்கள். ஜெர்மானியர் நமக்குத் தலைவராக வைத்த யூதர் ரும்கோவ்ஸ்கியின் கணக்கு ஒன்றுதான்: ஜெர்மானியருக்கு நம் உழைப்பு தேவைப்படும் வரை நம்மை விட்டுவைப்பார்கள். ஊரெல்லாம் பட்டறை. நானும் அம்மாவும் தையல் பட்டறையில் அவர்கள் பட்டாளத்துக்குச் சீருடை தைத்தோம். மத்தியானம் ஒரு கரண்டி சூப், அதற்காகத்தான் போனோம். அப்பாவுக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். 1942 பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்குக் குழி கிடைத்தது. பிராட்ஸ்கா தெரு இடுகாட்டில், கெட்டோக்காரர்களைப் புதைத்த பக்கம். கல் வைக்க வழியில்லை. வரிசையும் எண்ணும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போய்ப் பார்.

அந்த வருஷம் செப்டம்பர் 4 அன்று தீயணைப்பு நிலைய முற்றத்தில் ரும்கோவ்ஸ்கி பேசினார். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளையும் 65க்கு மேலான கிழவர்களையும் ஜெர்மானியர் கேட்கிறார்கள், கொடுத்துவிடுங்கள் என்று பெற்றவர்களிடமே கேட்டார். நான் அங்கே நின்று கேட்டேன். மறுநாளிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

நம் தம்பி சின்னவனுக்கு அப்போது எட்டு வயது. அம்மா உன் பழைய கோட்டை அவனுக்குப் போட்டு, செருப்புக்குள் கந்தை திணித்து உயரமாக்கினாள். என் கன்னத்தில் பீட்ரூட்டைத் தேய்த்தாள், சோகை தெரியாமல் இருக்க. தன் கன்னத்தில் தேய்த்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. 7ஆம் தேதி எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சத்தம், எல்லாரும் இறங்கு என்ற கூச்சல், வரிசை. அதிகாரி விரலை மட்டும் ஆட்டினான். நானும் அம்மாவும் ஒரு பக்கம். சின்னவனை இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை, அண்ணா. அவளாகத்தான் போனாள். நானும் கூடவே ஓரடி எடுத்து வைத்தேன். நெஞ்சில் கை வைத்து என்னைப் பின்னால் தள்ளிவிட்டு ஏறினாள். என்னைவிட நூறு மடங்கு நன்றாகத் தைப்பாள் அவள். தையல் தெரிந்து என்ன ஆயிற்று?

அந்த வண்டிகள் ஹெவ்ம்னோவுக்குப் போயின. அங்கே மூடிய லாரிக்குள் ஆட்களை அடைத்து வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். அங்கிருந்து தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எட்டு வயதுப் பையனையும் கூடப் போன தாயையும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ரஷ்யாவிலோ கன்னிமாடத்திலோ இருப்பார்கள் என்று உனக்கு யாரோ சொன்ன கதையை நீ நம்பக் கூடாது.

என் கதை சின்னதுதான். 1944 ஆகஸ்டில் கெட்டோவைக் காலி செய்து ராடெகாஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து அவுஷ்விட்ஸ் முகாமுக்கு ஏற்றினார்கள். அங்கே கைதிகளுக்குப் பச்சை குத்தும் எண் என் கையில் இல்லை. அங்கே எங்களைத் தங்கவைக்கவே இல்லை, எண் குத்தாமலே வேலைக்கு ஹாம்பர்க் அனுப்பிவிட்டார்கள். முதலில் துறைமுகத்தில் ஒரு கிடங்கு, பிறகு சாசெல் முகாம். குண்டு விழுந்த இடங்களில் கல் பொறுக்கினோம். வீடிழந்த ஜெர்மானியருக்குக் குடியிருப்பும் கட்டினோம், பனியில், செருப்பில்லாமல். 1945 ஏப்ரலில் பெல்சனுக்குத் தள்ளினார்கள். அங்கே வேலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. 15ஆம் தேதி பிரிட்டிஷ் பட்டாளம் வந்தபோது எனக்கு டைஃபஸ் ஜுரம், நினைவே இல்லை. விடுதலை வந்த பிறகும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். என் பக்கத்தில் படுத்திருந்தவள் அதற்கடுத்த வாரம்.

பக்கத்துப் பட்டாளக் குடியிருப்பையே அகதி முகாமாக்கினார்கள். நான்கு வருஷம் அங்கேதான் இருந்தேன். ஓர்ட் என்ற யூத அமைப்பின் தொழிற்பள்ளியில் உடைக்கான மாதிரி வெட்டப் படித்தேன். பிழைத்தவர்களின் கமிட்டிப் பட்டியலில் உன் பெயரையும் அங்கேதான் பார்த்தேன். எங்கள் கல்யாணமும் அங்கேதான். பாராசூட் துணியில் தைத்த ஒரே வெள்ளை உடையை மணப்பெண்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொண்டேன். தோள் தையல் சுமார்தான். முந்தின இரவு பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

இப்போது பெயர் விஷயம். பெண் பிறந்தால் அம்மா பெயர், ஆண் பிறந்தால் சின்னவன் பெயர். அப்பா பெயரை உனக்காக விட்டுவைக்கிறேன். உயிரோடு இருப்பவர் பெயரை நாம் குழந்தைக்கு வைப்பதில்லை, அது உனக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவையும் முதலில் எழுதினேன். நீ அங்கே அவர்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் இங்கே அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கூப்பிட முடியாது. அந்த செப்டம்பர் 7 நம் பஞ்சாங்கத்தில் எலுல் 25, அதையே அவர்கள் நாளாக வைத்துக்கொள். பத்துப் பேரைச் சேர்த்து, இறந்தவர்களுக்கான கடிஷ் பிரார்த்தனையைச் சொல். அதைச் சொல்ல வேண்டியவன் நீதான்.

ஆலையில் மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்கிறாய். இருக்கலாம். 1946 ஜூலையில் போலந்திலேயே கியெல்ட்சேயில் நம் ஆட்கள் 42 பேரைக் கொன்றது ஜெர்மானியர் இல்லையே. நம் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், நம் அலமாரியைச் சன்னல் வழியாகப் பார்த்தேன் என்று நீதான் எழுதினாய். தினமும் அந்தத் தெரு வழியாக எதற்குப் போகிறாய்?

இஸ்ரேலுக்குப் போக அங்கே பெயர் பதிகிறார்கள் என்று கேள்வி. வேறெதுவும் கிடைக்காவிட்டால் அதற்கே பெயர் கொடு. நீ ஹைஃபாவில் இறங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இங்கே வர முடிந்தால், உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் புரூன்ஸ்விக்கில் தான் வேலை செய்யும் ஆலையில் உன்னைப் பற்றிச் சொல்லியும் வைத்திருக்கிறார். தறி தெரிந்த ஆளுக்கு அங்கே வேலை உண்டு. உடனே அனுப்ப வேண்டியவை: சான்றிதழில் உள்ளபடி பிறந்த தேதி, நான்கு போட்டோ, நெஞ்சு எக்ஸ்-ரே. தொழில் என்ற இடத்தில் நெசவாளி என்று மட்டும் எழுது, கட்சி விவரமெல்லாம் வேண்டாம். போட்டோவில் கொஞ்சம் சிரி, போன தடவை அனுப்பியதில் ஜெயிலுக்குப் போகிறவன் மாதிரி இருந்தாய்.

என் வீட்டுக்காரர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். ஆகஸ்டுக்குள் பதில் போடு.

உன் அன்புத் தங்கை

பி.கு.: கனமான கோட்டை அங்கேயே விற்றுவிடு. இந்த ஊரில் பனி விழாது. பணம் வந்தால் நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொள், இங்கே விலை அதிகம்.