அடுத்த முறை விதியை மாற்றும் முன்: உலக மல்யுத்தக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ரஷ்ய மல்லர் புவைசார் சைத்தியேவ் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மூன்றையும் அவர் மூன்று வெவ்வேறு விதிகளில் வென்றார் என்பது நினைவிருக்கிறதா? 1996 அட்லாண்டாவில் இடைவெளி இல்லாத ஐந்து நிமிடம். 2004 ஏதென்ஸில் மும்மூன்று நிமிடமாக இரண்டு பாதி. 2008 பெய்ஜிங்கில் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. நடுவே எடைப்பிரிவும் 74 கிலோவிலிருந்து 76க்குப் போய், மறுபடி 74க்கே வந்து சேர்ந்தது. மாற்றியது எல்லாம் நீங்கள்தான். அப்போது உங்கள் பெயர் ஃபிலா, அவ்வளவுதான்.

அவரைப் பார்க்காத இளைஞர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மற்ற மல்லர்கள் குனிந்து, முழங்கை ஒடுக்கி, பாயத் தயாராக நிற்பார்கள். இவரோ நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். எதிராளி காலைப் பிடிப்பான். பிடிக்கட்டும் என்று விடுவார். ‘சரி, ஆள் விழுந்தான்’ என்று நாம் முடிவு கட்டும்போது இடுப்பு ஒரு திருப்பு திரும்பும், கால் எங்கோ பின்னிக்கொள்ளும், பிடித்தவன் அடியில் கிடப்பான். நான் இந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் எந்த நொடியில் ஆட்டம் மாறியது என்று இன்னும் பிடிபடவில்லை.

ரஷ்யாவின் தாகெஸ்தானில், செச்னியாவை ஒட்டிய காசவ்யுர்த் நகரத்தில் 1975இல் பிறந்த செச்சென் இனத்தவர் அவர். அட்லாண்டா ஒலிம்பிக் முடிந்த அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில், முதல் செச்சென் போரை நிறுத்திய ஒப்பந்தம் அந்த ஊரில்தான் கையெழுத்தானது. அவரை வளர்த்த பயிற்சியாளர் திமித்ரி மிந்தியாஷ்விலி இருந்ததோ சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்கில். 1997இல் அந்தக் கிராஸ்னோயார்ஸ்கிலேயே உலகப் பட்டம் வென்றார். மொத்தம் ஆறு உலகப் பட்டங்கள், 1995 முதல் 2005 வரை.

தோல்வியையும் சொல்ல வேண்டும். 2000 சிட்னியில் குழுச் சுற்றில் அமெரிக்காவின் பிராண்டன் ஸ்லே அவரைத் தோற்கடித்தார். குழுவில் முதலிடம் பெற்றவர் மட்டுமே மேலே போகலாம் என்பது அன்றைய முறை, எனவே சைத்தியேவ் அத்தோடு வெளியே. ஸ்லே நியாயமாக வென்றார், அதில் எனக்குப் புகார் இல்லை. அதே ஒலிம்பிக்கில் தம்பி ஆதாம் சைத்தியேவ், கியூபாவின் யோயெல் ரொமேரோவை வீழ்த்தி 85 கிலோவில் தங்கம் வாங்கினார். அண்ணன் அடுத்த ஆண்டு சோஃபியாவில் திரும்ப வந்து உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

இவர்தான் எல்லா விதியிலும் ஜெயித்தாரே, பிறகு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். அவர் சமாளித்தார் என்பதால் விதி நல்ல விதி ஆகிவிடாது. 2005இல் கொண்டுவந்த அந்தப் பந்து முறையை மறந்துவிட்டீர்களா? சுற்று புள்ளியில்லாமல் முடிந்தால் பையிலிருந்து ஒரு வண்ணப் பந்தை எடுப்பார்கள். யார் நிறம் வருகிறதோ அவர் எதிராளியின் காலைப் பிடித்தபடி தொடங்கலாம். பல வருட உழைப்பைக் குலுக்கலில் போட்டுவிட்டு, அதை மல்யுத்தம் என்று நம்பச் சொன்னீர்கள். 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் குழு மல்யுத்தத்தைக் கைவிடப் பரிந்துரைத்தபோது உங்களுக்கு அதிர்ச்சி. எனக்கு அவ்வளவாக இல்லை. அதன் பிறகு பந்தைத் தூக்கி எறிந்தீர்கள், புள்ளிகளைக் கூட்டும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள், செப்டம்பரில் இடமும் மீண்டது. அதற்கு நன்றி.

ஆனால் வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி என்பது அப்படியே இருக்கிறது. அதில்லாவிட்டால் ஓரத்துக்கு ஓடி ஓடியே நேரத்தைக் கடத்துவார்கள் என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வெறுமனே தள்ளுவதற்கும், பிடி போட்டு வெளியேற்றுவதற்கும் ஒரே மதிப்பா? சைத்தியேவ் மாதிரி பிடியை விட்டுக்கொடுத்துத் திருப்பி வாங்குபவன் பின்வாங்கத்தான் செய்வான். அவனுக்கு அந்த ஒரு அடி இடம் வேண்டும். பிடியில்லாத தள்ளலுக்கு முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை புள்ளி என்று வைத்துப் பாருங்கள். இளையோர் போட்டிகளில் ஒரு பருவம் சோதித்தாலே போதும்.

2025 மார்ச் 2 அன்று மாஸ்கோவில் சைத்தியேவ் இறந்துபோனார். இன்னும் ஒன்பது நாள் இருந்திருந்தால் ஐம்பது வயது. உங்கள் விதிக்குழு அடுத்து கூடும்போது, பேச்சைத் தொடங்கும் முன் அவருடைய ஆட்டம் ஒன்றை முழுசாகப் போட்டுப் பாருங்கள். ஏதென்ஸ் இறுதிப் போட்டியே போதும். கஜகஸ்தானின் லாலியேவ் அன்று ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு குஸ்தி ரசிகன்