தனி வகுப்பு கேட்ட பெற்றோருக்கும், மற்ற எல்லாப் பெற்றோருக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்களில் சிலர் சேர்ந்து வந்து ஒரு மனு கொடுத்தீர்கள். வடநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியவில்லை, அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் பிந்துகிறது, அவர்களைத் தனி வகுப்பில் உட்கார வையுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்த களைப்போடு வந்து பிள்ளையின் படிப்பை விசாரிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பைப் பிரிக்கப் போவதில்லை.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, எந்த மாநிலத்துப் பிள்ளை வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். டி.சி. வரத் தாமதமானாலும் திருப்பி அனுப்பக் கூடாது. சட்டம் இருக்கட்டும், வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பில் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன். ஜூனில் சேர்ந்தவன், ஆடி முடியும்வரை வாய் திறக்கவில்லை. பையன் மந்தம் என்று பக்கத்து பெஞ்சு முடிவு கட்டிவிட்டது. ஒருநாள் டீச்சர் கரும்பலகையில் 403-லிருந்து 168-ஐக் கழிக்கச் சொன்னார். அவன் எழுந்து போய், நடுவில் இருக்கும் சுழியத்தைத் தாண்டிக் கடன் வாங்கி, 235 என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தான். பாதி வகுப்பு சறுக்குகிற கணக்கு அது. புது மொழிக்குள் வருகிற குழந்தை சில மாதம் காதால் மட்டும்தான் படிக்கும். அந்த மாதங்களில் சுற்றிலும் தமிழ் பேசும் பிள்ளைகள் வேண்டும். தனி அறையில் போட்டால் யாரைக் கேட்டுப் பழகும்? இப்போது அவன் 'போங்காட்டம் ஆடாதடா' என்று மைதானத்தில் சண்டைக்கு நிற்கிறான். இலக்கணம் மெதுவாக வரட்டும்.

மனுவில் கையெழுத்திட்டவர்களில் சிலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். உங்கள் பிள்ளைகளும் வீட்டு மொழியோடுதான் ஒன்றாம் வகுப்புக்குள் வந்தார்கள். யாரும் தனி அறை கேட்கவில்லை.

பாடம் பிந்துகிறதா என்றால், தமிழ்ப் பாடவேளையில் கொஞ்சம் பிந்துகிறது, மறைப்பதற்கில்லை. அதற்காகத்தான் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்க நிலைக்கு அரும்பு, அடுத்தடுத்து மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லித் தருகிறோம். அரும்பில் இருப்பவர்களில் திருப்பூரிலேயே பிறந்த பிள்ளைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனுவில் இல்லாத, ஆனால் வாசலில் நின்று சிலர் சொன்ன புகார் ஒன்று: இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள குழந்தை சத்தம் போடுகிறது. போடத்தான் செய்கிறது. சத்தம் அதிகமானால் அந்தக் குழந்தைக்கே தாங்காது. கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து டீச்சர் ஒரு மெத்தை தைத்து, ஜன்னலோரம் போட்டிருக்கிறார். தாங்க முடியாதபோது குழந்தை தானே போய் அதில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. மற்ற பிள்ளைகளும் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி உட்காருகிறார்கள். வீட்டில் சண்டை நடந்த மறுநாள் யார் அங்கே போகிறார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் வந்து போகிறார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 'வடக்கன்', 'பான்பராக்' என்று கூப்பிடுவதைப் பிள்ளைகள் பள்ளியில் கற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. இனி அப்படிக் கூப்பிட்டால் பிள்ளையை அடிக்க மாட்டோம், திட்ட மாட்டோம். பெற்றோரைக் கூப்பிட்டு விடுவோம்.

வெளிமாநிலப் பெற்றோருக்கு: பிள்ளை தமிழ் கற்க வேண்டுமென்று வீட்டில் போஜ்புரியையோ ஒடியாவையோ நிறுத்த வேண்டாம். சட் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குக் கிளம்பும் முன், திரும்பும் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் பிள்ளை படிப்பை விட்டுவிட்டதா என்று நாங்கள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். அதில் உங்களில் ஒருவர்கூட இதுவரை இல்லை.

சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்திருக்கிறேன். மனு கொடுத்தவர்கள் அவசியம் வர வேண்டும். லைன் வீடுகளில் பக்கத்துக் குடும்பத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால், இந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லி, கையோடு கூட்டி வாருங்கள். ஹிந்தியிலும் ஒடியாவிலும் எடுத்துச் சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, திருப்பூர்