என் செக் வழக்கில் கூட நின்றவர்களுக்கு நன்றி

சென்னிமலையில் பெட்ஷீட் தறி ஓட்டுகிறேன். சரக்கு எடுத்தவர் கொடுத்த செக் பவுன்ஸ் ஆகி, வக்கீல் வைக்காமல் நானே நடத்திய வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி, முதல் தவணைப் பணமும் வந்துவிட்டது. உதவியவர்கள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாதுங்க.

முதலில் எங்கள் வீதிப் பெரியப்பாவுக்கு, கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். செக் திரும்பியதற்குப் பேங்க் கொடுத்த சீட்டை, அதாவது ரிட்டர்ன் மெமோவை வாங்கி, சிவப்புப் பேனாவால் தேதியைச் சுழித்து, "அம்மிணி, மெமோ கைக்கு வந்ததுல இருந்து 30 நாளுக்குள்ள செக் கொடுத்தவங்களுக்கு நோட்டீஸ் போயிரோணும், அவங்க வாங்குனதுக்கப்புறம் 15 நாள் பொறுக்கோணும், அதுலயும் பணம் வரலைன்னா ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல மனு" என்று நோட்டில் எழுதியே கொடுத்தார். பதிவுத் தபாலில் போன நோட்டீஸ் 'பெற மறுத்தார்' என்று திரும்பி வந்ததும் நான் உடைந்து போனேன். அவரோ, "கவரைப் பிரிச்சறாதீங்க, அப்படியே கோர்ட்ல கொடுங்க, மறுத்தாலும் வாங்குன மாதிரிதான்" என்றார். அந்தக் கவர்தான் வழக்கையே தூக்கி நிறுத்தியது.

அப்புறம், ஈரோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் இருந்த அக்கா. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்திலேயே இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். நானே பேசிக்கொள்கிறேன் என்றதற்கு முகம் சுளிக்கவில்லை, அங்கிருந்த வக்கீலிடம் என் மனுவையும் பிரமாண வாக்குமூலத்தையும் காட்டித் திருத்த வைத்தார். செக் போட்ட என் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், 2015 திருத்தம் அப்படி என்று அந்த வக்கீல் சொன்னதால், வெளியூர் அலைச்சல் மிச்சம்.

ஆவணங்களை வரிசைப்படுத்தி நம்பர் போட்டுக் கொடுத்த ஜாப் டைப்பிங் தம்பிக்கும், இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு வாய்தா பார்க்கச் சொல்லித்தந்த பெஞ்ச் கிளார்க்குக்கும், நான் திக்கித் திக்கிப் பேசியபோது பொறுமையாகக் கேட்ட நடுவர் அம்மாவுக்கும் நன்றி.

மக்கள் நீதிமன்றத் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரி, அதாவது பணத்தை வசூல் பண்ண வைக்கிற கோர்ட் உத்தரவு மாதிரியேதான், அப்பீலும் கிடையாது, அதனால் அடுத்த தவணை பற்றி எனக்குப் பயமில்லை. இதே மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் 15100-க்கு முதலில் போன் போடுங்க, கட்டணமில்லை. என் நோட்டீஸ் நகல் வேண்டுமென்றால் கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.