சாட்சி சொல்லப் பழக்குவது பற்றி

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு தேறி வருகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

சாட்சி சொல்ல, அதாவது கிறிஸ்து தங்கள் வாழ்க்கையில் செய்ததை மற்றவருக்குச் சொல்ல, வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளிடம் உற்சாகம் நிறைய இருக்கிறது, ஆனால் இவர்களைக் கண்டாலே நண்பர்கள் நழுவுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உற்சாகத்தைக் குறைத்துவிடாதே. “ஆவியிலே அனலாயிருங்கள்” என்பது வேதவாக்கியம்தான். கோளாறு, காதுகொடுத்துக் கேட்பதில் இருக்கிறது. கூட வேலை செய்பவர் தன் கவலையைச் சொல்லத் தொடங்கி இரண்டு வாக்கியம் முடியுமுன்னே, “இயேசுகிட்ட ஒப்புக்கொடுங்க” என்று இவர்கள் முடித்துவைத்தால், இவர்கள் தன்னை ஆள் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். முழுக்கக் கேட்கட்டும். அடுத்த வாரம், “அந்த விஷயம் என்ன ஆச்சு?” என்று மறக்காமல் விசாரிக்கட்டும். ‘ஜெபிக்கிறேன்’ என்று சொன்னால் அன்றைக்கே ஜெபிக்கட்டும்.

சாட்சியை எழுதிப் பழக வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள். அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் பவுல் பேசியதில் மூன்று பகுதி: வசனம் 4 முதல் 11 வரை பழைய வாழ்க்கை, 12 முதல் 18 வரை ஆண்டவரைச் சந்தித்தது, 19 முதல் 23 வரை அதற்குப் பிறகு. ஒவ்வொருவரும் இதே வரிசையில் ஒரே பக்கம் எழுதி, சத்தமாக வாசிக்கட்டும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் முதல் பகுதியில் வெட்டு. அநேகமாக அங்கேதான் நீளும். பழைய பாவத்தை விவரிக்க விவரிக்கக் கேட்பவருக்கு அதுதான் மனதில் நிற்கும், கிறிஸ்து நிற்கமாட்டார். மூன்றாம் பகுதியில் வேறு ஆபத்து: “இப்போ எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று முடிப்பது. அடுத்த மாதம் இவன் கஷ்டப்படுவதை அதே நண்பர் பார்ப்பார். இன்னும் போராடுகிற ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொல். “அபிஷேகம்”, “பாரம்” போன்ற சபைப் பேச்சு வருமிடத்தில், வெளியார் ஒருவருக்கு விளங்கும்படி ஒரு முழு வாக்கியம் எழுதட்டும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், “தெரியலை, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே கேட்டுச் சொல்லட்டும். யோவான் சுவிசேஷம் 9இல் பார்வை பெற்றவன் தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னான்: குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன். ஆதிச்சபையில் போதித்த அப்பொல்லோ ஆவியில் அனலுள்ளவன்தான். ஆனாலும் யோவான் ஸ்நானன் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தான். ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் அவனைத் தனியே சேர்த்துக்கொண்டு திருத்தமாய் விளக்கினார்கள். நீயும் பிள்ளைகளைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தாதே.

நடக்கையைப் பற்றி 1 பேதுரு 3:15, 16 இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். சாந்தத்தோடு பதில் சொல்லவேண்டும் என்றதுமே நல்மனச்சாட்சி வருகிறது. வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பதும், வேலை நேரத்தில் பிரசங்கம் செய்யாமல் வேலையைப் பார்ப்பதும் இதில் அடக்கம். தனக்குக் கீழே வேலை செய்பவரை மேலதிகாரி வற்புறுத்தவே கூடாது. அவரால் மனம்விட்டு ‘வேண்டாம்’ சொல்ல முடியாது. உதவி செய்தால் அதற்குக் கைம்மாறாக ஆராதனைக்கு வரச் சொல்லக்கூடாது. ‘வேண்டாம்’ என்றவரிடமும் நட்பு பழையபடியே இருக்கவேண்டும். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

இயேசுவின் சீஷன் பிலிப்பு, சந்தேகப்பட்ட நாத்தான்வேலிடம் வாதாடாமல், “வந்து பார்” என்றான். நண்பர் வர இசைந்தால், எவ்வளவு நேரம் ஆகும், காணிக்கை போடவேண்டிய கட்டாயமில்லை, எப்போது எழுந்து நிற்பார்கள் என்று முன்னாலேயே சொல்லி, பக்கத்திலேயே உட்காரட்டும்.

பிள்ளைகள் எழுதியதில், அவர்கள் சம்மதித்தால், இரண்டு மூன்றை அனுப்பு. வாசித்து ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் நண்பன்