மூடி இடைஞ்சலா, உங்கள் உழவுப் பக்கமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் உழவுப் பக்கத்தின் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி. தென்னை மட்டை, சீமைக்கருவேல முள் வெட்ட ஆள் கிடைக்காத பண்ணையக்காரர்களுக்கு யோசனை சொல்லியிருந்தீர்கள். இரும்பு தேய்க்கக் கையில் பிடிக்கும் நாலு இன்ச் கிரைண்டிங் மெஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிக்கொள்ளலாமாம். அதோடு விட்டிருந்தால் முணுமுணுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். "பெரிய பிளேடு மாட்ட மூடி இடைஞ்சலாக இருந்தால் கழற்றிவிடலாம்" என்று கடைசியில் ஒரு வரி. மூடி என்றால் சுழலும் பிளேடின் ஒரு பக்கத்தை மறைத்திருக்கும் இரும்புக் காப்பு. எழுதியவர் அந்த மெஷினைக் கையால் தொட்டதில்லை என்பது தங்களுக்கும் தெரியும்.

கோவையில் அச்சாகும் பத்திரிகைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று எந்தச் சந்தில் நின்றாலும் இந்த மெஷின் கத்துவது கேட்கும். நாலு இன்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதில் மாட்டும் தேய்ப்புக் கல்லுக்கு வீல் என்று பெயர்; ஏழு இன்ச் வீலின் மேல் அதிகபட்சம் 8,500 சுற்று என்று போட்டிருப்பான். வீலின் விளிம்பு தாங்கும் வேகம் நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். ஏழு இன்ச்சை நாலு இன்ச் மெஷினில் ஏற்றினால் விளிம்பு 100 மீட்டரைத் தாண்டிவிடும். சிதறுகிற துண்டு யார் நெஞ்சு, யார் கழுத்து என்று விசாரித்துக்கொண்டு வராது. அந்தத் துண்டைத் தடுப்பது மட்டுமல்ல, பெரிய வீலை உள்ளே நுழையவிடாமல் பார்த்துக்கொள்வதும் மூடியின் வேலைதான். அதைத்தான் நீங்கள் இடைஞ்சல் என்கிறீர்கள்.

பல் பிளேடின் வினை வேறு. மட்டையின் நாரிலோ மரக்கணுவிலோ ஒரு பல் சிக்கினால் மெஷின் பிடித்திருப்பவர் மேலேயே எகிறும். குனிந்து வெட்டினால் தொடை, நிமிர்ந்து வெட்டினால் கழுத்து. தள்ளு சுவிட்ச் வைத்த மெஷின் கைநழுவி விழுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தாலும் உடனே நிற்காது. பல் பிளேடு மாட்டக் கூடாது என்று மெஷினோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பீர்கள். உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்களே, அதுதான் என் கவலை.

நான் கணபதிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் ஃபெட்லிங் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன். பம்ப்செட் கேசிங்கில் பிசிறு தேய்ப்பது எங்கள் வேலை. சேர்ந்த அன்று கையில் கொடுத்த மெஷினில் மூடி இல்லை. மேஸ்திரியிடம் கேட்டேன். "மூடி போட்டா மூலைக்குள்ள வீல் போகாது தம்பி, நெம்ப யோசிக்காத" என்றார். அவருக்கு வலது சுட்டுவிரல் பாதிதான் இருந்தது. கண்ணாடி கேட்டபோது, ஒறம்பரைக்கு வந்தவன் பந்தியில் இரண்டாவது வடை கேட்டதுபோலப் பார்த்தார்கள். கண்ணில் இரும்புத்தூள் குத்தினால் பக்கத்து மெஷின்காரர் துண்டு நுனியை முறுக்கி எடுப்பார். எடுத்தது போக மிச்சம் கருவிழியிலேயே துருப்பிடித்து வளையம் கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சுரண்டினால் அன்றைய கூலி போச்சு. என் இடது கண்ணில் அந்தத் தழும்பு இருக்கிறது. ராத்திரி எதிரே வண்டி வந்தால் வெளிச்சம் சிதறித்தான் தெரியும்.

கண்ணுக்குக் காப்பு பற்றி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவே அப்போது பேசியது. ஆனால் அந்தச் சட்டத்தில், கரண்டில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. எங்கள் பட்டறைப் பதிவேட்டில் எப்போதும் ஒன்பது பேர்தான்.

மே தினத்துக்கு நீங்கள் போட்ட முழுப்பக்கப் படம் நினைவிருக்கிறதா? மூடியில்லாத மெஷின், கண்ணாடியில்லாத முகம், கழுத்தில் தொங்கும் துண்டு, தீப்பொறி மழை. கீழே "ஒளிரும் உழைப்பு" என்று எழுத்து வேறு. அந்தத் துண்டு வீலில் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும் என்று அன்றைக்கே எழுதினேன். வரவில்லை. அதே மாதம் தக்காளி சாதம் பற்றி என் வீட்டுக்காரம்மா எழுதியது வந்தது. நல்ல சாதம்தான், அதைக் குறை சொல்லவில்லை.

விபத்துச் செய்தியிலும் இதே கதைதான். "வீல் உடைந்து வாலிபர் பலி, போலீசார் விசாரணை." மூடி இருந்ததா, என்ன அளவு வீல், அதன் தேதி என்ன என்று உங்கள் நிருபர் ஒருநாளும் கேட்டதாகத் தெரியவில்லை. வீலின் நடுவிலுள்ள தகர வளையத்தில் காலாவதியாகும் மாதமும் வருடமும் அடித்திருக்கும். தயாரித்து மூன்று வருடம் ஆனால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உள்ளே பிடித்து நிற்கும் பிசின் வலுவிழந்துவிடும். ஆயுதபூஜைத் தள்ளுபடியில் பழைய சரக்கை வாங்கி, மோட்டார் ரூம் ஈரத்தில் போட்டுவைக்கும் தோட்டத்துக்காரருக்கு இதை யார் சொல்வது? நீங்கள் சொல்லலாம். தள்ளுபடி விளம்பரம் நிறுத்த வேண்டியிருக்குமோ என்னவோ.

நான் கேட்பது சின்ன விஷயம். அதே உழவுப் பக்கம், அதே மூலை, அதே அளவு பெட்டி. மூடியைக் கழற்ற வேண்டாம், மெஷினுக்கு உரிய வீலைத் தவிர வேறெதையும் மாட்ட வேண்டாம், மட்டைக்கு அரிவாள் போதும் என்று மூன்று வரி போடுங்கள். வருந்துகிறோம் என்றெல்லாம் வேண்டாம், இடம் வீணாகும். கொஞ்சம் சீக்கிரம் போட்டால் உதவியாக இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மச்சினன் பிளேடு வாங்கக் கிளம்பி நிற்கிறான். தடுத்தால், "பேப்பர்லயே போட்டிருக்காங்க மச்சான், உங்களுக்குத்தானுங்க பயம்" என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபெட்லிங் தொழிலாளி,
கணபதி, கோவை.